சூடு தெரியாத கை

“உங்களுக்கு எப்பவாவது கன நாள் விக்கல் இருந்ததா?”

ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த டாக்டர் தர்ஷினி இப்படிக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இடது கண் போய்விட்டது. வலது கண்ணும் எப்போது போகுமோ என்று தினமும் எழுந்ததும் மூடித் திறந்து பார்க்கிறேன். இந்த அம்மா என்னடாவென்றால் விக்கலைப் பற்றி விசாரிக்கிறார்.

பக்கத்து நாற்காலியில் என் அண்ணன் மாணிக்கம். எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோவிலுக்குத் தலைவர். ஆஸ்பத்திரிக்கு என்னைத் தனியாக விட்டதே இல்லை. டாக்டர் என்னிடம் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு அவரே பதில் சொல்லிவிடுவார்.

“விக்கல்லாம் எல்லாருக்கும் வர்றதுதானே லா, டாக்டர்” என்றார்.

“நான் அவவைக் கேக்கிறன்” என்றார் டாக்டர். பாரோய் ஊரில் வளர்ந்த சிலோன்காரர் வீட்டுப் பிள்ளை. மரியாதையாகத்தான் சொன்னார்.

“இருந்துச்சு டாக்டர். ஒரு பதினஞ்சு நாள் இருக்கும். சாப்பிட்டதெல்லாம் வாந்தி வேற. கேஸ்ட்ரிக்னு கிளினிக்குல மருந்து குடுத்தாங்க. அப்புறம் தானா நின்னுடுச்சு.”

கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருந்தவர் கையை எடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“எப்ப?”

“கண்ணு போறதுக்கு முந்தின வருஷம்.”

“அதுக்குப் பிறகு கழுத்தில அரிப்பு?”

“ஆமா! சொறிஞ்சு சொறிஞ்சு புண்ணாவே ஆயிடுச்சு. உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“கை? சூடு, குளிர் தெரியாமல் கை விறைச்சுப் போனதா?”

நான் அண்ணனைப் பார்த்தேன். அண்ணன் என்னைப் பார்த்தார்.

முதலில் வைத்த பெயர்

இந்தத் தொடரை நடுவில் எடுத்துப் படிப்பவர்களுக்கு இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். என் பெயர் சரசு. புக்கிட் பெலண்டோக் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்து ஆபீசில் பதிவேடு எழுதும் கிராணி. கல்யாணம் ஆகவில்லை. அண்ணன் வீட்டுப் பின்னறையில், அண்ணியின் சமையலில் காலம் ஓடுகிறது. இதில் பரிதாபப்பட ஒன்றுமில்லை. அண்ணி வைக்கும் மீன் சம்பாலைச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு யாராவது பரிதாபப்படட்டும்.

சில வருஷங்களுக்கு முன்பு ஒரு நாள் காலை, ஆபீசில் ஆட்களின் வருகைப் பதிவேட்டைத் திறந்தேன். லீவு போட்டவர்களுக்குச் சிவப்பு மையில் குறிப்பது வழக்கம். அந்தச் சிவப்பு, இடது கண்ணுக்கு மட்டும் பழைய செங்கல் நிறத்தில் தெரிந்தது. கண்ணை அசைத்தால் உள்ளே வலித்தது. மூன்றாம் நாள் அந்தக் கண்ணில் பாதிக்கு மேல் புகைதான்.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். அங்கே அப்போது இருந்தவர் வயதான சீன டாக்டர், தங்கமான மனிதர். தலையை ஸ்கேன் எடுத்தார்கள். மூளையில் நாலைந்து வெள்ளைப் புள்ளிகள். “இதற்கு முன்பு கை கால் மரத்துப் போனதுண்டா?” என்று மலாயில் கேட்டார். நான் “இல்லைங்க” என்றேன். எம்.எஸ். என்றார், அதாவது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் தொடையில் ஊசி. நானே போட்டுக்கொள்ளப் பழகினேன். போட்டால் காய்ச்சல்காரி மாதிரி உடம்பெல்லாம் அடித்துப் போடும். இரண்டு வருஷம் ஒரு ஊசிகூட விடவில்லை. அப்படியும் அதே கண்ணில் மறுபடி வந்தது, அதற்கும் பிறகு இன்னொரு தடவை வந்தது. அந்தக் கடைசித் தடவைக்குப் பிறகு இடது கண்ணுக்கு வெளிச்சம் உண்டா இல்லையா என்பது மட்டும்தான் தெரிந்தது.

“ஊசிய ஒழுங்காப் போடுறியா?” என்று பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். துணியை விலக்கித் தொடையையா காட்ட முடியும்?

“ஒண்ணும் இல்லைங்க”

முதல் டாக்டரிடம் ஏன் இல்லை என்று சொன்னேன்? இதைப் பிறகு எத்தனையோ தடவை என்னையே கேட்டிருக்கிறேன்.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. என் அம்மா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். விடியுமுன் ஆள் எண்ணும் பெரட்டுக்குப் போய் வரிசையில் நிற்கவேண்டும். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் பேர் கூப்பிடுவார். “என்ன, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?” என்று கேட்டால் பதில் எப்போதும் ஒன்றுதான்: “ஒண்ணும் இல்லைங்க.” உடம்புக்கு முடியவில்லை என்று சொன்னால் தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிரசரிடம் அனுப்புவார்கள். டிரசர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, வேலைக்குப் போகலாம் என்று எழுதிவிட்டால் போச்சு. லயத்து வீடுகள் முழுக்கச் சோம்பேறி என்று பெயர் வந்துவிடும்.

மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து யார் கேட்டாலும் எங்கள் வாயில் அது தானாக வந்துவிடும். இப்போது மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவள் நான். வெளிநாட்டு ஆட்கள் கால் வீங்கி வந்து நிற்பார்கள். என்ன என்று கேட்டால் “தாடா அபா-அபா” என்பார்கள், ஒன்றுமில்லை என்று. நானும் அதை நம்பிக் குறித்துக்கொண்டு அனுப்பியிருக்கிறேன்.

ஆனால் எல்லாப் பழியையும் அந்தப் பழக்கத்தின் தலையில் போட்டால் நான் பொய்க்காரி. வேறொரு காரணம் இருந்தது.

தீச்சட்டி

விக்கல் நின்று சில வாரங்கள் கழித்து எங்கள் கோவில் திருவிழா. நான் மூன்று வருஷமாகத் தீச்சட்டி எடுத்துக்கொண்டிருந்தேன். நெருப்பு எரியும் மண்சட்டியை, அடியில் வேப்பிலைக் கொத்து வைத்து, இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக் கோவிலை மூன்று சுற்று வரவேண்டும். ஒவ்வொரு வருஷமும் கை பொசுங்கும். பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றி முடிப்பேன்.

அந்த வருஷம் திருவிழாவுக்கு நாலு நாள் முன்பு ஆபீசில் பேனா கையிலிருந்து நழுவி விழுந்தது. எடுத்தேன், மறுபடியும் விழுந்தது. அன்று சாயந்திரம் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்தேன். சூடாக இருக்கிறதா, ஆறிப்போய்விட்டதா என்று கைக்குத் தெரியவில்லை. உதட்டில் வைத்தபோதுதான் சுட்டது.

பயமாக இருந்தது. கூடவே, ஏன் மறைக்கவேண்டும், சந்தோஷமாகவும் இருந்தது. விரதம் இருக்கிறேன் இல்லையா, அம்மன் முன்கூட்டியே வந்து கையைத் தொட்டுவிட்டாள் என்று நினைத்தேன். யாரிடமும் மூச்சு விடவில்லை.

திருவிழா அன்று சட்டியை ஏந்தினேன். இரண்டாம் சுற்றில் வேப்பிலை நழுவிக் கீழே விழுந்திருக்கிறது. எனக்குத் தெரியவே இல்லை. சுடச்சுட மண்சட்டி, நேராக உள்ளங்கையில். முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லாமல் மூன்று சுற்றும் முடித்துச் சட்டியை இறக்கினேன்.

“ஐயோ சரசு, கையப் பாரு!” என்று அலறியது அண்ணிதான். இரண்டு உள்ளங்கையிலும் பெரிய பெரிய கொப்புளங்கள்.

“எரியுதா?” என்று ஓடிவந்து கேட்டார் அண்ணன்.

“இல்லண்ணே. ஒண்ணுமே தெரியல.”

அவ்வளவுதான். என் இரண்டு கையையும் பிடித்து மேலே தூக்கினார், மைக்கை வாங்கினார். “பாத்துக்குங்க எல்லாரும்! கொப்புளம் இருக்கு, எரிச்சல் இல்ல! எங்க தங்கச்சி கைய அம்மா தாங்கிக்கிட்டா!”

கூட்டம் ஓவென்று கத்தியது. அண்ணி மட்டும் என் காதோரம் முணுமுணுத்தார்: “அருள் இருந்தா கொப்புளமே வராதுன்னு போன வருஷம் இவருதானே மைக்குல சொன்னாரு?”

முன்வரிசை

அதற்குப் பிறகு நான் வேறு ஆளாகிவிட்டேன்.

பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் என் கையால் விபூதி போடச் சொல்லி வந்தார்கள். தம்பின் டவுன் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வேன் எடுத்துக்கொண்டு வந்தது. அதுவரை கல்யாண வீட்டுக்குப் போனால் எனக்குப் பின்கட்டில் வெங்காயம் உரிக்கிற வேலைதான். நாற்பது வயதாகியும் தாலி இல்லாதவளை முன்னால் வைக்க மாட்டார்கள். இப்போது எழுந்து நின்று முன்வரிசையில் இடம் கொடுத்தார்கள். “வாங்கக்கா, இங்க உக்காருங்க.”

எனக்குப் பிடித்திருந்தது. ரொம்பவே பிடித்திருந்தது.

இரண்டு மாதத்தில் கையில் உணர்ச்சி பெரும்பாலும் திரும்பிவிட்டது. சூடும் குளிரும் மட்டும் சரியாகத் தெரியவில்லை. குளிக்கிற தண்ணீரை முழங்கையால் தொட்டுப் பார்த்துத்தான் ஊற்றிக்கொள்வேன். அண்ணி ஒரு தடவை அதைப் பார்த்துவிட்டார்.

சீன டாக்டர் கேட்டபோது நான் இல்லை என்றது இதனால்தான். கை மரத்தது வியாதி என்றால் முன்வரிசை போய்விடும். அண்ணன் ஊர் முன்னால் மைக்கில் சொன்னது பொய்யாகிவிடும். கண்ணுக்கும் கைக்கும் என்ன சம்பந்தம், சொல்லாவிட்டால் என்ன கெட்டுவிடப் போகிறது என்று நினைத்தேன். மண்டையில் மசாலா இருந்தும் அப்படித்தான் நினைத்தேன்.

மறுபடியும் அந்த அறை

டாக்டர் தர்ஷினி காத்துக்கொண்டிருந்தார். அண்ணன் முந்திக்கொண்டு சொன்னார்.

“கையில ஒண்ணும் இல்ல டாக்டர். அது கோவில் விஷயம்.”

“என்ன கோவில் விஷயம்?”

சொல்லவேண்டாம் என்று அண்ணன் கண்ணால் சொன்னார். எனக்கு அதைப் பார்க்க இருந்தது ஒரே ஒரு கண். அதுவும் போய்விட்டால் முன்வரிசையில் உட்கார்ந்து என்ன பார்ப்பேன்?

“அண்ணே, சும்மா இரு” என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். பேனா, தேத்தண்ணி, சட்டி, கொப்புளம், முழங்கை. “திருவிழாவுக்கு நாலு நாள் முன்னாடியே கை மரத்துப் போச்சு டாக்டர்.”

அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். “நாலு நாள் முன்னாடியேவா?”

அவர் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார்.

டாக்டர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. “நல்ல காலம் சொன்னீங்க” என்று ஒரு தாளை எடுத்துப் படம் போட ஆரம்பித்தார்.

இரண்டும் ஒன்றல்ல

எனக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன். நான் டாக்டர் இல்லை. உங்கள் உடம்புக்கு உங்கள் டாக்டரைக் கேளுங்கள்.

இரண்டிலும் உடம்பைக் காக்கவேண்டிய சக்தியே உடம்பின் நரம்பைத் தாக்குகிறது. எம்.எஸ். என்றால் மின்கம்பியின் மேல்ரப்பரை எலி அங்கங்கே கடித்தது போல. மூளையில் புள்ளி புள்ளியாக இருக்கும், தண்டுவடத்தில் வந்தாலும் பெரும்பாலும் குட்டையாக இருக்கும். ஒரு தாக்குதல் வந்தாலும் ஆரம்ப காலத்தில் ஓரளவு தேறிவிடுவார்கள்.

இன்னொன்றின் பெயர் நியூரோமயலைட்டிஸ் ஆப்டிகா. சுருக்கமாக என்.எம்.ஓ. இது கண் நரம்பையும் தண்டுவடத்தையும் குறிவைக்கும். தண்டுவடத்தில் வந்தால் காயம் நீளமாக இருக்கும். கழுத்து அரிப்பும் கை மரத்துப்போனதும் அதனால்தான். மூளையின் அடியில், வாந்தியும் விக்கலும் பிறக்கிற ஒரு சின்ன இடத்தையும் தாக்கும். ஒவ்வொரு தடவையும் பலமாக வரும், எடுத்ததைத் திருப்பித் தருவது குறைவு. நிறையப் பேருக்கு ரத்தத்தில் இதற்கென்று ஓர் அடையாளம் இருக்கும், அதைச் சோதிக்கலாம்.

“முக்கியமான விஷயம்” என்றார் டாக்டர். “நீங்க போடுற ஊசி எம்.எஸ்.ஸுக்கு நல்லது. இதுக்கு உதவாது. சிலருக்கு இதைக் கூட்டிவிடும். இண்டைக்கே நிப்பாட்டுங்கோ.”

ஊசியை நிறுத்தினோம். வேறு மாத்திரைகள் தந்தார். அவை முழுசாக வேலை செய்ய மாதக்கணக்காகும் என்றார். அந்த வாரமே கழுத்தை ஸ்கேன் எடுத்தார்கள். தண்டுவடத்தில் மங்கலாக ஒரு பழைய தழும்பு, நாலு முள்ளெலும்பு நீளத்துக்கு. ரத்தத்தைச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வர நாளாகும்.

“முதல்லயே சொல்லியிருந்தா இடது கண்ணு நின்னிருக்குமா டாக்டர்?”

“சொல்ல ஏலாது” என்றார். “ஆனா அந்த ஊசி போட்டிருக்க மாட்டம்” என்றார்.

பொய் சொல்லித் தேற்றியிருக்கலாம். அவர் சொல்லவில்லை. அதற்காகத்தான் அவரை எனக்குப் பிடிக்கும்.

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்ன அன்று, வீட்டுக்குத் திரும்பும் வழியில் லுக்குட் ஊரைத் தாண்டினோம். அண்ணன் ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

“அப்ப அன்னிக்கு அம்மா வரலையா?”

“அவ வந்தாளா இல்லையான்னு எனக்குத் தெரியாதுண்ணே. கையில உணர்ச்சி இல்ல. அது மட்டும் தெரியும்.”

அதோடு பேச்சு நின்றது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, அண்ணி மூலமாகத்தான் சேதி போய் வந்தது.

வலது கண்

மூன்று வாரம் இருக்கும். ஒரு நாள் காலை பல் விளக்கும்போது வலது கண்ணுக்குப் பின்னால் வலித்தது. கண்ணாடியில் என் பொட்டைத் தேடினேன். சிவப்பாக இல்லை, செங்கல் நிறமாக இருந்தது. அண்ணியைக் கூவிக் கூப்பிட்டேன்.

அண்ணன் லோரியோடு போயிருந்தார். அண்ணி பக்கத்து வீட்டுக் காரைப் பிடித்து என்னை ஏற்றினார்.

அவசரப் பிரிவில் இருந்தவர் சின்ன வயது மலாய் டாக்டர். கம்ப்யூட்டரில் பழைய பதிவு எம்.எஸ். என்றே இருந்தது. மூன்று நாள் ஸ்டீராய்டு மருந்தை டிரிப்பில் ஏற்றுவோம், பிறகு கிளினிக்கில் வந்து பாருங்கள் என்றார். நல்ல பிள்ளைதான், பாவம், களைத்துப்போயிருந்தார்.

அப்போது என் வாயில் “ஒண்ணும் இல்லைங்க” வரவில்லை. எனக்குத் தெரிந்த மலாயில், அந்த இடமே திரும்பிப் பார்க்கும்படி சத்தமாகச் சொன்னேன்.

“இது எம்.எஸ். இல்லை டாக்டர். என்.எம்.ஓ. என்று சந்தேகம், ரத்தம் சோதனைக்குப் போயிருக்கிறது. பதினைந்து நாள் விக்கல் வந்தது. கை மரத்துப்போய், கோவிலில் நெருப்புச் சட்டியில் சுட்டுக்கொண்டேன். வலிக்கவில்லை. அது சாமி அருள் என்று சொன்னோம். அது இந்த வியாதி. இடது கண் திரும்பி வரவே இல்லை. இதுவும் போனால் எனக்கு வேறு கண் கிடையாது. டாக்டர் தர்ஷினியைக் கூப்பிடுங்கள்.”

வரிசையில் எங்கள் தோட்டத்துப் பெண்கள் இரண்டு பேர் இருந்தார்கள். அதில் ஒருத்தி, பிள்ளைக்கு என்னிடம் விபூதி போட்டுக்கொண்டு போனவள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கவும் விரும்பவில்லை.

அந்தச் சின்ன டாக்டர் போனை எடுத்து டாக்டர் தர்ஷினியைக் கூப்பிட்டார்.

அன்றே டிரிப் ஏறியது. அந்த மருந்துக்குக் கேட்குமா என்று காத்திருக்காமல், மறுநாளே கழுத்தில் குழாய் செருகி ரத்தத்தை மெஷினில் சுற்றவிட்டார்கள். ரத்தத்தில் இருக்கும் மஞ்சள் நீரைப் பிரித்து எடுத்துவிட்டு வேறு நீரை ஏற்றுவது. நரம்பைத் தாக்குகிற சரக்கு அந்த மஞ்சள் நீரில்தான் இருக்கிறதாம். ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஐந்து தடவை.

இரண்டாவது தடவை முடிந்தபோது முன்னால் நீட்டிய விரல்களை என்னால் எண்ண முடியவில்லை. முன்னால் ஆள் நிற்பது நிழலாகத் தெரியும். அண்ணி சோறு ஊட்டினார். கண்ணீர் சோற்றில் விழுந்ததா என்றுகூடத் தெரியாமல் சாப்பிட்டேன். அந்த வாரத்தில்தான் ரத்தச் சோதனை முடிவும் வந்தது. என்.எம்.ஓ. தான்.

சாயந்திரங்களில் டீசல் வாசமும் பழுத்த குலை வாசமுமாக ஒருத்தர் வந்து கட்டில் பக்கத்தில் உட்காருவார்.

“அண்ணனா?”

“ம்.”

வருகை நேரம் முடியும்வரை உட்கார்ந்துவிட்டுப் போவார்.

நாலாவது தடவைக்கு மறுநாள், ஜன்னல் கம்பி தெரிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். மேலே சுற்றும் காத்தாடி தெரிந்தது. நர்ஸின் பெயர்ப்பட்டையில் முதல் எழுத்து தெரிந்தது. யாரிடமும் சொல்லப் பயம், சொன்னால் போய்விடுமோ என்று.

சாயந்திரம் டீசல் வாசம் வந்தது. திரும்பிப் பார்த்தேன். அண்ணன்தான். ஆனால் என்னவோ மாதிரி இருந்தார்.

“என்னண்ணே இது, மொட்டை?”

துள்ளி எழுந்தார். “தெரியுதா? நெசமாவா தெரியுது?”

“சந்தனம் காது வரைக்கும் வழிஞ்சிருக்கு. அதுவும் தெரியுது. எனக்குக் கண்ணு வரணும்னு வேண்டிக்கிட்டியா?”

தலையை ஆட்டினார். “அத டாக்டர்கிட்ட விட்டாச்சு. இது வேற.”

“வேற என்ன?”

உட்கார்ந்தார். என் கையை எடுத்து, உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

“அன்னிக்கு இந்தக் கையப் புடிச்சு ஊருக்கே காட்டினேன். ஒரு நாள் லீவு போட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகல. அதுக்குத்தான்.”

சொல்லிவிட்டு அழுதார். அண்ணன் அழுது நான் பார்த்ததில்லை, எங்களைப் பெத்த அம்மா செத்த அன்றுகூட. என் வலது கண் அதை நன்றாகவே பார்த்தது.